முதல் மழைநீர் டிரம்முக்கு ஒரு சிறு துளை

மொட்டைமாடி மழைநீரைத் தொட்டியில் சேமிக்கிறீர்களா? மாடி அழுக்கோடு வரும் முதல் மழைநீரைத் தொட்டிக்குப் போகாமல் பிரிக்கும் டிரம்மின் அடியிலுள்ள வடிகுழாயின் மூடியில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டுவிடுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் யாரும் போய்த் திறந்துவிட வேண்டியதில்லை.

தூசியும் பறவை எச்சமும் பெரும்பாலும் முதல் 2 மி.மீ. மழையிலேயே கழுவி வந்துவிடும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். ஆக, 50 சதுர மீட்டர் மாடிக்கு 100 லிட்டர் டிரம் போதும். அது நிரம்பிய பிறகு வரும் நீர், டி-இணைப்பு (T வடிவக் குழாய் இணைப்பு) வழியாகத் தொட்டிக்குப் போகும். டிரம்மில் தேங்கியது துளை வழியே சில மணி நேரத்தில் வடிந்து, அடுத்த மழைக்கு இடம் விடும். துளை இல்லாமல், மூடியைத் திறக்கவும் மறந்தால் டிரம் நிரம்பியே இருக்கும், அடுத்த மழையின் அழுக்கு முழுவதும் நேரே தொட்டிக்குள் போகும். பல வீடுகளில் நீர் கெடுவது இதனால்தான்.

துளை சருகாலும் மண்ணாலும் அடைபடும். அதனால் மூடி ஒட்டாமல் திருகு மூடியாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். டிரம்முக்கு மேலே கொசுவலை அவசியம்.

ஐப்பசி, கார்த்திகையில் தினமும் பெய்யும்போது மாடி சுத்தமாகவே இருக்கும். அப்போது துளையை அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் நல்ல நீர் தினமும் 100 லிட்டர் வீணாகும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை நீரை இப்படிப் பிரித்தாலும் குடிக்கப் பயன்படுத்தக் கூடாது.