மார்ட்டின் லூதர் கிங் நினைவாக ஊரில் ஒரு சிரமதானம்: முதன்முறையாகச் செய்பவர்களுக்கு

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சம உரிமைக்காக அறவழியில் போராடிய மார்ட்டின் லூதர் கிங் 1929 ஜனவரி 15 ஆம் திகதி அட்லாண்டாவில் பிறந்தார். அமெரிக்காவில் ஜனவரி மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை அவர் நினைவாக விடுமுறை நாளாகும். 1994 ஆம் ஆண்டு அந்நாட்டுக் காங்கிரஸ் அதனைத் தொண்டுப் பணிக்குரிய நாளாகவும் ஆக்கியது. யாழ்ப்பாணத்திலும் அந்நாளையொட்டிப் பணி செய்ய விரும்பும் சனசமூக நிலையங்களுக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும், எங்கள் ஊரில் செய்து பெற்ற பட்டறிவிலிருந்து இதனை எழுதுகிறேன்.

முதலில் வேலையைத் தெரிவு செய்யுங்கள்

கிங் தமது கடைசி நாட்களை யாருக்காகச் செலவிட்டார் என்பதிலிருந்தே வேலையைத் தெரிவு செய்ய வேண்டும். 1968 பெப்ரவரியில் மெம்பிஸ் நகரில் துப்புரவுத் தொழிலாளர் இருவர் குப்பை வண்டியின் இயந்திரத்துள் நசுங்கி இறந்தனர். அதன்பின் ஏறத்தாழ 1,300 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தாமும் மனிதரே என்று எழுதிய அட்டைகளைத் தாங்கி வீதியில் நடந்தனர். அவர்களுக்குத் துணை நிற்கச் சென்ற இடத்திலேயே ஏப்ரல் 4 ஆம் திகதி கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகவே படத்துக்கு மாலை போட்டுப் பேச்சு வைப்பதைவிட, ஊரின் கழிவை நாங்களே கையால் அள்ளுவதுதான் அவருக்குப் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

பருவமும் அதற்கு ஏற்றது. வடகீழ்ப் பருவமழை ஓயும் ஜனவரியில் ஒழுங்கைகளில் வெள்ளம் தேங்கி நிற்கும். டெங்குக் காய்ச்சலும் அக்காலத்தில்தான் கூடுகிறது. ஓர் ஒழுங்கை, முப்பது வீடுகள், ஒரு வெள்ளவாய்க்கால் என்ற அளவோடு தொடங்குங்கள். முழு ஊரையும் ஒரே நாளில் துப்புரவாக்க முயன்றால் பாதியில் நிற்கும்.

நாளும் அனுமதியும்

திங்கட்கிழமை இங்கே வேலைநாள் என்பதால் அதற்கு முந்திய சனிக்கிழமை காலை 7 மணி நல்லது. அது தைப்பொங்கலோடு மோதினால் ஒரு கிழமை தள்ளி வையுங்கள். மூன்று கிழமைக்கு முன்பே கிராம அலுவலருக்கும் பிரதேச சபைக்கும் கடிதம் கொடுத்து, அள்ளிய கழிவை ஏற்ற ரக்ரர் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் நேரிற் சந்தித்து, எந்த ஒழுங்கையில் காய்ச்சல் கூடுதலாக உள்ளது என்று கேட்டால் வேலைக்குரிய இடம் தானாகவே தெரிந்துவிடும்.

வீடு வீடாகச் செல்லுதல்

இந்தப் படியை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். ‘ஊர்’ என்று நாங்கள் சொல்லும்போது அந்தச் சொல் எந்த வேலியோடு முடிகிறது என்பதை முதலில் எங்களையே கேட்க வேண்டும். சாதியின் பேரால் மக்களை ஒதுக்குவதற்கு எதிராக, 1957 ஆம் ஆண்டிலேயே இலங்கையில் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஆனாலும் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் சமமாக நுழைவதற்கு 1966 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் செல்லவேண்டியிருந்தது. கிங் கொல்லப்பட்ட அதே 1968 இல்தான் மாவிட்டபுரம் கோயில் வாசலிலும் மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர்.

கிங்குக்கும் இது அந்நியமான செய்தியன்று. 1959 இல் இந்தியா வந்தபோது, தீண்டத்தகாதவர் எனப்பட்ட மாணவர் படித்த கேரளப் பாடசாலை ஒன்றின் அதிபர், அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் ஒருவர் என்று அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் திடுக்கிட்டதாகவும், தம் மக்களின் நிலையை எண்ணியபின் அது உண்மையே என்று ஏற்றுக்கொண்டதாகவும் கிங் பின்னாளில் ஒரு பிரசங்கத்தில் கூறினார். ஆகவே ஒழுங்கையின் கடைசி வீடு வரைக்கும், அதற்கு அப்பால் உள்ள குடியிருப்புக்கும் செல்லுங்கள். அங்குள்ளவர்களை வேலைக்கு மட்டும் அழைக்காமல், திட்டமிடும் முதற் கூட்டத்துக்கே அழையுங்கள்.

பொருட்களும் பாதுகாப்பும்

முப்பது பேருக்குப் பத்து மண்வெட்டி, சில கத்தி, இரண்டு அலவாங்கு, கடகங்கள், வெற்று உரப்பைகள் ஆகியன போதும். கையுறையும் முழங்கால் வரையான சப்பாத்தும் இல்லாத எவரையும் வாய்க்காலுக்குள் இறக்காதீர்கள். எலிக்காய்ச்சல் தேங்கிய நீரில் காயத்தின் வழியாகத் தொற்றும். தடுப்பு மருந்து வேண்டுமா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்னரே கேளுங்கள். போர் நடந்த மண் இது என்பதையும் மறக்கக்கூடாது. அறிமுகமில்லாத இரும்புப் பொருள் தென்பட்டால் தொடாமல், அனைவரையும் விலக்கி, பொலிஸாருக்கு உடனே அறிவியுங்கள்.

வேலை நடக்கும் காலை

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்களை மாற்றுங்கள். சேற்றுக்குள் எப்போதும் ஒரே ஆட்களும், கரையில் நின்று படம் எடுப்பதில் எப்போதும் ஒரே ஆட்களும் இருந்தால், கிங்கின் பெயரை அந்தப் பதாகையில் எழுதியிருக்கவே தேவையில்லை. பெண்களைத் தேநீர் தயாரிப்பதோடு நிறுத்திவிடவும் கூடாது.

மற்றொரு குழு வளவுகளைப் பார்க்க வேண்டும். சிரட்டை, பழைய ரயர், யோகட் கோப்பை, கூரைப் பீலி, பாவிக்காத கிணறு ஆகியவற்றில் நுளம்பு பெருகும். சிரட்டையில் உள்ள நீரை வெள்ளைக் கோப்பை ஒன்றில் ஊற்றிக் காட்டினால், நூல்நுனி போன்ற குடம்பிகள் துடித்துத் துடித்து மேலெழுவதை வீட்டுக்காரரே காண்பார். அதன்பின் விளக்கம் அதிகம் தேவைப்படாது. அந்த நீரை வாய்க்காலில் விடாமல், வெயில்படும் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள்.

தேநீர்

எங்கள் முதலாவது சிரமதானத்தில் ஒரு தவறு நடந்தது. கழிவேற்ற வந்த தொழிலாளர் இருவருக்கும், கோப்பை தீர்ந்துவிட்டது என்று சொல்லிப் பிளாஸ்ரிக் கப்பில் தேநீர் கொடுத்தோம். கழுவிய ஆறு பீங்கான் கோப்பைகள் தட்டத்திலே கவிழ்ந்திருந்ததை அவர்களும் பார்த்தார்கள். மூத்தவர் கப்பை ரக்ரரின் மட்காட்டில் வைத்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் அடுத்த உரப்பையைத் தூக்கினார். தேநீர் அங்கேயே ஆறியது. மறுநாள் அவரிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து எல்லாருக்கும் ஒரே வகைக் கோப்பை, ஒரே பாய், முதற் கோப்பை அவர்களுக்கு என்பதைத் திட்டத்தாளிலேயே எழுதி வைக்கிறோம். பேச்சு பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கிங்கின் வாழ்க்கையை ஒரு மாணவி வாசிக்கட்டும். தொழிலாளர் விரும்பினால் தங்கள் வேலையைப் பற்றிப் பேசட்டும். அவர்களை முன்கூட்டியே கேட்டு வையுங்கள், திடீரென எழுப்பிவிடாதீர்கள்.

மறுகிழமை

டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து வளர்ந்து பறப்பதற்கு ஏழு தொடக்கம் பத்து நாட்கள் போதும். ஆகவே அடுத்த சனிக்கிழமை ஐந்து பேர் அதே வெள்ளைக் கோப்பையோடு அதே முப்பது வீடுகளுக்கும் செல்லுங்கள். எந்த வளவில் மீண்டும் நீர் தேங்கியிருக்கிறது என்பதை ஒரு கொப்பியில் குறித்து, அதன் பிரதியைச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். வரவு செலவுக் கணக்கை வாசிகசாலைப் பலகையில் ஒட்டும்போது, வந்தவர் அனைவரின் பெயரையும் அகரவரிசையில் எழுதி, ரக்ரரோடு வந்தவர்களின் பெயரையும் அந்த வரிசையிலேயே சேருங்கள்.