ஓட்டும் ஜெபமும்: சபைகளில் நடக்கும் அரசியல் தவறுகள்

தேர்தல் தேதி அறிவித்ததும் மதுரையில் ஆலயங்களுக்கு வேட்பாளர்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். ஞாயிறு ஆராதனை முடிகிற நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நிற்கும். சால்வை, கும்பிடு, போட்டோ. வருவதில் ஒரு தப்பும் இல்லை; ஓட்டுக் கேட்க எல்லா வீட்டுக்கும்தான் போகிறார்கள். வாசலில் நின்றவர் உள்ளே வந்து மைக்கைப் பிடிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. வழிபாட்டு இடங்களை அரசியல் வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது என்று 1988-லேயே மத்திய அரசு தனிச் சட்டம் போட்டுவிட்டது. அதில் மாட்டுவது வேட்பாளரைவிட ஆலயத்தின் பொறுப்பில் இருப்பவர்தான். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123-ஆவது பிரிவில் இன்னொன்றும் சொல்கிறது. இன்னாருக்கு ஓட்டுப் போட்டால், அல்லது போடாவிட்டால், தெய்வத்தின் கோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்பவைப்பது முறைகேடு. வேட்பாளரோ அவருடைய சம்மதத்தோடு வேறொருவரோ அதைச் செய்தால், ஜெயித்த தேர்தலே செல்லாமல் போகலாம். மதத்தையும் சாதியையும் சொல்லி ஓட்டுக் கேட்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. வேட்பாளரின் மதத்தை மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் குற்றமே என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, நாலுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்புச் சொன்னது.

சட்டத்தை விடுங்கள். ஒரே பெஞ்சில் இரட்டை இலைக்காரரும் உதயசூரியன்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிரசங்கத்தின் நடுவே எழுந்து மறுப்புச் சொல்கிற வழக்கம் நம்மிடம் கிடையாது. யாரும் பதில் பேச முடியாத இடத்தில் நின்றுகொண்டு கட்சிக்கு ஓட்டுக் கேட்பது நியாயமான ஆட்டமே இல்லை.

அதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? அது எதிர்ப்பக்கத்துத் தவறு. ‘நாங்கள் ஜெபிக்கிறோம், அரசியல் எங்களுக்கு வேண்டாம்’ என்று சொல்லும் சபைகள் இங்கே நிறைய. அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13 எல்லோருக்கும் மனப்பாடம். அதே அதிகாரத்தின் முன்னால் நின்று மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிட தேவனுக்குக் கீழ்ப்படிவதே முக்கியம் என்று பேதுரு சொன்ன அப்போஸ்தலர் 5 மட்டும் வசதியாக மறந்துபோகிறது. தாவீது ராஜாவின் முகத்துக்கு நேராக ‘நீயே அந்த மனுஷன்’ என்றார் நாத்தான் தீர்க்கதரிசி. ஆனால் அதோடு வேறொரு ராஜாவுக்குப் பிரசாரம் செய்யக் கிளம்பவில்லை. அவர் பேச்சு செய்த தப்பைப் பற்றியது, கொடியைப் பற்றியது அல்ல. பிரசங்கத்துக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, ‘நம்ம ஆள்’ என்கிற மயக்கம். நோட்டீஸில் பெயருக்கு முன்னால் ஒரு ஜோசப்போ டேனியலோ இருந்தால் போதும், மற்ற எதுவும் விசாரிப்பதில்லை. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம். சிறுபான்மைக்குப் பிரதிநிதி வேண்டாமா என்ற கேள்வி நியாயம்தான். ஆனால் அந்தப் பிரதிநிதி யாருக்காகப் பேசுவார் என்று யாரும் கேட்பதில்லை.

மதுரைக்காரர்களுக்கு இதில் பெரிய முன்னுதாரணமே இருக்கிறது. ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்த சிரியன் கிறிஸ்தவர், மதுரையில் வக்கீல், காங்கிரஸ்காரர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பிரமலைக் கள்ளர்களைக் கைரேகை வைக்கச் சொல்லி அரசாங்கம் துன்புறுத்திய காலம் அது. அதை எதிர்த்ததற்காக 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடே நடந்தது. அந்த மக்களுக்காகக் கோர்ட்டில் நின்றவர் ஜோசப். உசிலம்பட்டிப் பக்கம் அவரை ‘ரோசாப்பூ துரை’ என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். மதுரையில் ஆலைத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1924-ல் வைக்கம் போராட்டத்தில் இறங்கியபோது, இது இந்துக்கள் செய்ய வேண்டிய வேலை, நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று காந்தி எழுதினார். காந்தி சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. பொதுத் தெருவில் ஒரு மனிதனை நடக்க விடாதது எப்படி ஒரு மதத்தின் வீட்டு விவகாரமாகும்?

ஜோசப் காப்பாற்றியது கிறிஸ்தவர்களை அல்ல என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இன்றைக்கு நம் கோரிக்கைப் பட்டியலைப் பாருங்கள்: கல்லறைத் தோட்டத்துக்கு இடம், ஆலயம் கட்ட அனுமதி, பள்ளிக்கு மானியம், ஜெருசலேம் பயணத்துக்கு உதவித்தொகை. எல்லாம் நமக்கு. பக்கத்துத் தெருவில் தண்ணீர் வராதது அந்தப் பட்டியலில் ஏறுவதே இல்லை.

பணத்துக்கு வருவோம். 2009 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் நம் மாவட்டத்துத் திருமங்கலத்தின் பெயர் ஓட்டுக்குப் பணம் என்பதற்கே மறுபெயராகிவிட்டது. ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்று நாடு முழுக்கச் சொன்னார்கள். ஓட்டுக்குப் பணம் கொடுப்பது போலவே வாங்குவதும் குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு. விசுவாசிகளில் பலர் இதற்கு ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள்: ‘வாங்கிக்கொள்வோம், ஓட்டை மனசாட்சிப்படி போடுவோம்.’ இதைக் கெட்டிக்காரத்தனம் என்றே நினைக்கிறார்கள். பணம் வாங்கும்போது கொடுக்கிற வாக்குறுதி பொய் என்றால் அங்கே தப்பு இரண்டாகிறதே தவிர குறையவில்லை.

கவரைவிடப் பெரிய தூண்டில் ஒன்று இருக்கிறது. ‘உங்கள் சர்ச் காம்பவுண்டுச் சுவரை நான் கட்டித் தருகிறேன்’, ‘சவுண்ட் சிஸ்டம் என் செலவு.’ தனி ஆளாக ஐந்நூறு ரூபாயை மறுப்பவர்கள்கூட இதற்குத் தலையாட்டிவிடுவார்கள், காரணம் இது கடவுளுக்குப் போகிறதாம். பரிதானம், அதாவது லஞ்சம், பார்வையுள்ளவர்களைக் குருடாக்கும் என்கிறது யாத்திராகமம் 23. தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்னால் வரும் சுவருக்கும் அந்த வசனம் பொருந்தும். தேர்தல் முடிந்த பிறகு, ரசீது போட்டு, யார் ஜெயித்தார் என்று பார்க்காமல் கொடுத்தால் அது காணிக்கை. அப்படிக் கொடுத்தவர் எத்தனை பேர் என்று உங்கள் கமிட்டியில் கேட்டுப் பாருங்கள்.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு. சட்டமன்றத் தேர்தலின் எல்லாக் கெட்ட பழக்கமும் சபைத் தேர்தலில் இருக்கிறது. சேகரக் கமிட்டி (வட்டாரச் சபைகளின் நிர்வாகக் குழு), திருமண்டலப் பெருமன்றம் (மறைமாவட்டத்தின் பேரவை) என்று தேர்தல் வந்தால் அணி, சாதிக் கணக்கு, பிரியாணி, வேன், கடைசியில் கோர்ட். நாட்டில் ஊழல் என்று உபவாச ஜெபம் நடத்துகிற ஆட்களே, கல்லூரி சீட்டும் வாத்தியார் வேலையும் யார் கையில் இருக்கும் என்பதற்காக இந்த அடிதடியில் இருக்கிறார்கள். கத்தோலிக்கப் பங்குகளில் தேர்தல் சத்தம் குறைவு, ஆனால் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்ற தகராறு அங்கேயும் இருக்கிறது.

இதன் வேர் சாதி. மதுரைக்கு 1606-ல் வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி, சாதி வேறுபாட்டைச் சமூக வழக்கம் என்று சொல்லி ஏற்றுக்கொண்டார். பின்னால் அதே மதுரை மிஷனில் மேல்சாதியினருக்குச் சந்நியாசி வேடத்தில் ஒரு வகைக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று வேறொரு வகை. 19-ஆம் நூற்றாண்டில் வந்த அமெரிக்க மதுரை மிஷன் இதற்கு மாறாக, எல்லாச் சாதியினரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டே ஆக வேண்டும் என்று நிபந்தனை போட்டது. பலர் கோபித்துக்கொண்டு விலகினார்கள். இரண்டு வழியும் வந்துபோன பிறகும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கல்லறைத் தோட்டம் இரண்டாகத்தான் கிடக்கிறது. மேலூர்ப் பக்கம் மேலவளவில் 1997-ல் தலித் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றதற்கும், உத்தப்புரத்தில் தலித்துகளைப் பிரித்து நின்ற சுவருக்கும் நாம் கண்டனம் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். நம் கல்லறைச் சுவரைப் பற்றி அடுத்த வாரம் கமிட்டியில் யாராவது பேசினால் ‘குழப்பம் உண்டாக்காதீர்கள்’ என்கிறோம்.

இந்த இடத்தில் நேர்மை பற்றிய ஒரு போதனை அடிக்கடி தவறான ஆளிடம் போய்ச் சேருகிறது. 1950 ஆகஸ்ட் 10-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி அந்தஸ்தை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்கள் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். அதனால் பலர் சான்றிதழில் இந்துவாகவும் ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவராகவும் வாழ்கிறார்கள். வேலைக்காக இப்படிச் செய்வது அரசியல் சாசனத்தின் மீதே செய்யும் மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கடுமையாகச் சொன்னது. சான்றிதழில் எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தனிக் கல்லறையை வைத்துக்கொண்டிருப்பவர், அந்தக் குடும்பத்துக்கு ‘பொய் சொல்லாதே’ என்று பாடம் எடுக்க என்ன உரிமை? இந்த அந்தஸ்தைத் தலித் கிறிஸ்தவர்களுக்கும் தர வேண்டும் என்று 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றம் தீர்மானம் போட்டது. நம் சபையில் எத்தனை பேருக்கு அது தெரியும்? ஞானஸ்நானத்துக்கு முன்பே குடும்பத்தை உட்காரவைத்து, எந்தச் சலுகை போகும், எது நிற்கும் என்று ஒளிக்காமல் சொல்லுகிற போதகர் நூறு பிரசங்கத்துக்குச் சமம்.

வாட்ஸப் விஷயம் சுருக்கமாக. ‘இந்த ஊரில் சர்ச்சை எரித்துவிட்டார்கள், உடனே ஜெபியுங்கள்’ என்று வரும் படம் வேறு நாட்டுப் படமாகவும் பத்து வருடப் பழையதாகவும் இருக்கலாம். நிஜமாகவே தாக்குதல்கள் நடக்கின்றன, அதனால்தான் பொய்ப் படம் ஆபத்து. ஒன்று பொய் என்று தெரிந்தால் உண்மையானதையும் யாரும் நம்பமாட்டார்கள். அப்புறம், 2025 பிப்ரவரியில் திருப்பரங்குன்றம் மலைப் பிரச்சினையில் தடையுத்தரவு போட்டபோது, ‘அது அவர்களுக்கும் இவர்களுக்கும் நடக்கிற சண்டை, நமக்கென்ன’ என்ற குரல் நம் குரூப்புகளில் கேட்டது. அந்த மலை இருப்பதும் நம் ஊரில்தான். முருகனைக் கும்பிடுகிறவர், தர்காவுக்குப் போகிறவர் இருவருமே நம் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

அடுத்த தேர்தலுக்கு உருப்படியாக ஏதாவது செய்ய நினைக்கும் சபைகள், வேட்பாளர்கள் எல்லோரையும், யாரையும் விடாமல், ஆலயத்துக்கு வெளியே ஒரு பொது மண்டபத்தில் கூப்பிடலாம். தேர்தல் அதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். சபைக்குச் சம்பந்தமில்லாத தெருக்காரர்களும் வரட்டும். முதல் கேள்வி அவர்களுடையதாக இருக்கட்டும். சால்வை வேண்டாம், மேடையில் போதகர் வேண்டாம், ஒவ்வொருவருக்கும் சம நேரம். கேள்விகளை முன்பே எழுதி வாங்கிக்கொண்டால் கூச்சல் குறையும். துப்புரவுப் பணியாளர் சம்பளம், ஊருணி ஆக்கிரமிப்பு, பஞ்சாயத்தில் பட்டியல் சாதித் தலைவருக்கு நாற்காலி கொடுப்பார்களா என்பது வரை கேட்கலாம். கல்லறை இடத்தைக் கடைசியில் கேட்டுக்கொள்ளுங்கள், நேரம் இருந்தால்.