வழியில் பஞ்சரான சைக்கிளை நாமே சரிசெய்வது

பழைய சைக்கிளில் காற்று நிற்கவில்லையென்றால், டயரைத் தொடுவதற்கு முன் வால்வைக் கழற்றி அதன்மேல் மாட்டியிருக்கும் வால்டியூபைப் பாருங்கள்; அந்தச் சிறு ரப்பர் குழல் விரிசல் விட்டிருந்தால் அதை மாற்றினாலே போதும்.

பஞ்சர்தான் என்றால், சக்கரத்தைக் கழற்றாமலேயே டயரின் ஒரு பக்க விளிம்பை நெம்பி, டியூபை வெளியே உருவலாம். இதற்குத் திருப்புளி வேண்டாம், அதன் கூர்முனை இன்னொரு ஓட்டையைப் போட்டுவிடும். முனை மழுங்கிய இரும்பு லிவர் ஏற்றது. அலுமினிய ரிம்முக்கு, கீறல் விழாத நைலான் லிவரே நல்லது.

காற்றடித்த டியூபைத் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி காட்டிக்கொடுக்கும். தண்ணீர் கிடைக்காத இடத்தில், டியூபை உதட்டருகே மெல்ல நகர்த்தினால் கசியும் காற்று சில்லென்று படும். அந்த இடத்தை ஈரம் போகத் துடைத்து, உப்புத்தாளால் பளபளப்பு மறையும்வரை தேய்த்து, ஒட்டுத்துண்டைவிடச் சற்று அகலமாகச் சொல்யூஷன் என்னும் பசையை மெல்லிதாகத் தடவுங்கள். பலரும் அவசரப்படுவது இங்கேதான்: பசை விரலில் ஒட்டாத அளவுக்கு, ஏறக்குறைய 5 நிமிடம் காய்ந்த பிறகே துண்டை வைத்து அழுத்த வேண்டும். டயரின் உட்புறத்தைக் கவனமாகத் தடவி, குத்திய முள்ளை எடுக்க மறந்தால் உழைப்பு முழுவதும் வீண்.

புதிய சைக்கிள்களுக்கு 4, 5, 6 மி.மீ. ஆலன் சாவிகள் (போல்ட்டுகளைத் திருகும் அறுகோணச் சாவிகள்) அவசியம். 16 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு குப்பி நொடிகளில் டியூபை நிரப்பினாலும், அந்த வாயு ரப்பர் வழியே விரைவில் கசிவதால், வீடு சேர்ந்ததும் சாதாரணக் காற்றை அடித்துவிடுங்கள்.