பகடை உருட்டலில் நிகழ்தகவைக் கணக்கிடும் முறை

சீரான பகடை ஒன்றை உருட்டும்போது ஆறு முகங்களுக்கும் வாய்ப்பு சமம் என்பதால், ஒவ்வோர் எண்ணும் விழுவதற்கான நிகழ்தகவு 1/6 ஆகும். நமக்கு வேண்டிய விளைவுகளின் எண்ணிக்கையை மொத்த விளைவுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும் என்ற இந்த விதி எளிது. எந்த விளைவுகளை எண்ணுவது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள்.

இரண்டு பகடைகளை உருட்டும்போது ஒன்றைச் சிவப்பு என்றும் மற்றதை நீலம் என்றும் கருதிக்கொள்ளுங்கள். சிவப்பின் ஒவ்வோர் எண்ணுடனும் நீலத்தின் ஆறு எண்களும் இணையக்கூடும் என்பதால் கூறுவெளியில், அதாவது நேரக்கூடிய எல்லா விளைவுகளின் தொகுப்பில், 6 × 6 = 36 விளைவுகள் உள்ளன. சிவப்பில் 2, நீலத்தில் 5 என்பதும் சிவப்பில் 5, நீலத்தில் 2 என்பதும் வெவ்வேறு விளைவுகள். ஆனால் இரண்டிலும் 3 விழுவது ஒரே விளைவுதான். கூட்டுத்தொகை 7 ஆக வருவதற்கு ஆறு வழிகள் இருப்பதால் அதன் நிகழ்தகவு 6/36, அதாவது 1/6. கூட்டுத்தொகை 7 வரை இருந்தால் அதிலிருந்து 1ஐக் கழித்தும், 7க்கு மேல் இருந்தால் அதை 13இலிருந்து கழித்தும் வழிகளின் எண்ணிக்கையைப் பெறலாம்.

மூன்று பகடைகளில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். கூட்டுத்தொகை 9ஐ ஆறு சேர்க்கைகளால் பெறலாம், 10ஐயும் ஆறு சேர்க்கைகளால் பெறலாம். அப்படியிருந்தும் 10 சற்றுக் கூடுதலாக விழுவது ஏன் என்ற கேள்விக்குக் கலிலியோ விடை எழுதினார். மூன்று எண்களும் வேறாக உள்ள சேர்க்கை (1, 2, 6 போல) ஆறு வரிசைகளில் வரும். இரண்டு எண்கள் ஒன்றாக உள்ளது (1, 4, 4 போல) மூன்று வரிசைகளில் வரும். 3, 3, 3 ஒரே வரிசையில்தான் வரும். இவ்வாறு எண்ணினால் 9க்கு 25 வழிகளும் 10க்கு 27 வழிகளும் கிடைக்கின்றன. மொத்த விளைவுகள் 216 என்பதால், வேறுபாடு 2/216 மட்டுமே. இவ்வளவு சிறிய வேறுபாட்டை ஆட்ட அனுபவத்தால் மட்டுமே உணர எத்தனை ஆயிரம் உருட்டல்கள் தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

"குறைந்தது ஒரு முறை" என்று கேள்வி வந்தால் நேராக எண்ணப் புகாதீர்கள். அந்த நிகழ்ச்சி ஒருமுறையும் நேராததற்கான நிகழ்தகவைக் கண்டுபிடித்து, அதை 1இலிருந்து கழிப்பதே சுருக்கமான வழி. இரண்டு பகடைகளில் ஒன்றிலாவது 6 விழ 1/6 + 1/6 = 1/3 வாய்ப்பு என்பது தவறு; இரண்டிலும் 6 விழும் விளைவை அது இருமுறை எண்ணிவிடுகிறது. சரியான விடை 1 − (5/6 × 5/6) = 11/36.

1654இல் பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்களில் விவாதித்தவற்றுள் ஒரு பகடைக் கணக்கும் இருந்தது. ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் ஒருமுறையாவது 6 விழுவதற்கான நிகழ்தகவு 1 − (5/6)⁴, அதாவது ஏறத்தாழ 0.518, ஆகவே அதன்மீது பந்தயம் கட்டுவது ஆதாயம். இரண்டு பகடைகளிலும் ஒருசேர 6 விழும் இரட்டை ஆறுக்கு வாய்ப்பு ஆறில் ஒரு பங்காகக் குறைவதால் உருட்டல்களை ஆறு மடங்காக்கி 24 முறை உருட்டினால் போதும் என்று தோன்றும். ஆனால் 1 − (35/36)²⁴ என்பது ஏறத்தாழ 0.491தான், உருட்டல்களை 25 ஆக உயர்த்தினால்தான் அது பாதியைத் தாண்டி 0.506 ஆகிறது.