பயணத்தில் பழைய கைக்கடிகாரம் வாங்க: கடையிலேயே முடிக்க வேண்டிய சோதனைகள்

வெளிநாட்டுப் பழம்பொருள் கடைக்குத் திரும்பப் போய் மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் எல்லாச் சோதனையும் பணம் கொடுக்கும் முன்பே முடிய வேண்டும். பையில் 10 மடங்கு லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிறு உருப்பெருக்கி), 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், திசைகாட்டி உள்ள கைபேசி போதும். 20 மடங்கு லூப் வேண்டாம். பார்வைப் பரப்பு சுருங்கிவிடும்.

முதலில் டயல். ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்ப்பது அப்புறம். மெஷினைச் சர்வீஸ் செய்யலாம், உதிரிபாகம் தேடலாம். மறுபடி பெயின்ட் அடித்த டயலில் அசல் அச்சு திரும்ப வராது. லூப்பில் எழுத்துகளின் விளிம்பைப் பாருங்கள். அசலில் கூர்மையாக இருக்கும், மறு அச்சில் தடித்தும் கசிந்தும் இருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக விழுகின்றனவா? தேதி ஜன்னலின் ஓரத்தில் பெயின்ட் திரண்டிருக்கிறதா? ஏதாவது ஒன்று பிசகினாலும் சந்தேகப்படுங்கள்.

பிறகு டார்ச். டயலில் ஆறு மணிக் குறிக்குக் கீழே 'டி ஸ்விஸ் டி' (T SWISS T) என்றிருந்தால் ஒளிப்பூச்சு டிரிட்டியம். அந்தக் கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், சுமார் 12 ஆண்டு. பழைய டிரிட்டியம் பூச்சு, டார்ச்சை அணைத்ததும் சீக்கிரமே மங்கிவிடும். நீண்ட நேரம் பளிச்சென்று ஒளிர்ந்தால் பிற்காலத்தில் பூசியது. அதற்கு முந்தைய கடிகாரங்களில் ரேடியம் இருக்கலாம். ஒளி செத்தாலும் கதிர்வீச்சு சாகாது, ஆகவே கண்ணாடியைக் கழற்றவே கூடாது.

அடுத்து சாவி கொடுப்பது. புதியவர்கள் தடுமாறும் இடம் இது. சீக்கோவின் 6309, 7009 ஆட்டோமேட்டிக் (கை அசைவிலேயே சாவி ஏறும்) மெஷின்களில் பக்கவாட்டுத் திருகைச் சுற்றிச் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது. சும்மா சுற்றிப் பார்த்துவிட்டுக் கெட்டுப்போனது என்று வைத்துவிடாதீர்கள். பின்மூடியில் உள்ள எண்ணின் முதல் நான்கு இலக்கம்தான் மெஷின் எண். படுக்கையாகப் பிடித்து அரை நிமிடம் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஓடும். கையால் சாவி கொடுக்கும் வகையில் மெதுவாகச் சுற்றி, இறுகியதும் நிறுத்துங்கள். "சாவி அதிகமானதால் நின்றுவிட்டது" என்று கடைக்காரர் சொன்னால், எண்ணெய் காய்ந்திருக்கிறது அல்லது ஏதோ பாகம் உடைந்திருக்கிறது என்று பொருள். சர்வீஸ் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

ஓடினால் டயல் மேல்நோக்கி, கீழ்நோக்கி, திருகு கீழ்நோக்கி என மூன்று நிலையிலும் ஒவ்வொரு நிமிடம் வையுங்கள். எதிலும் நிற்கக் கூடாது. தேதியை மாற்றிப் பார்க்கும் முன் முள்ளை ஆறு மணிக்குக் கொண்டுவாருங்கள். இரவு ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை தேதிப் பல்சக்கரம் பிணைந்திருக்கும், அப்போது திருகினால் பல் உடையும்.

பல நிமிடம் வேகமாக ஓடும் கடிகாரத்தை உடனே ஒதுக்காதீர்கள். திசைகாட்டி அருகே கொண்டுபோங்கள். ஊசி அதிர்ந்தால் காந்தம் ஏறியிருக்கலாம். அதை இறக்குவது சில நொடி வேலை.

பின்மூடியைக் கடைக்காரரையே திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் ஓடாத கடிகாரத்தின் விலைக்குமேல் தராதீர்கள்.

பின்சேர்க்கை: முதலைத் தோல் ஸ்ட்ராப் சுங்கத்தில் சிக்கலாகும், அந்த இனங்கள் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில் உள்ளன. ஸ்ட்ராப்பைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். பக்கிளில் கம்பெனி முத்திரை இருந்தால் அதைமட்டும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.