கன அளவுக் கணக்கு தப்பும் இடங்கள்

வெப்ப இயக்கவியலில் கன அளவு தப்பினால் தொட்டி, குழாய், கம்ப்ரஸர் என எல்லாவற்றின் அளவும் சேர்ந்தே தப்பும். பெரும்பாலும் கோளாறு எண்களைப் போடுவதில் இல்லை. பொருள் ஆவியா திரவமா என்று பார்க்காமலே சமன்பாட்டைக் கையில் எடுப்பதில்தான் இருக்கிறது.

300 கெல்வினில் நிறைவுற்ற (அதாவது ஆவியும் திரவமும் சமநிலையில் சேர்ந்திருக்கும்) புரொப்பேனை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் ஏறத்தாழ 10 பார். இலட்சிய வாயுச் சமன்பாட்டின்படி ஒரு மோல் 2494 கன செ.மீ. இடம் பிடிக்க வேண்டும். உண்மையில் அதன் ஆவி பிடிப்பது சுமார் 2040தான். 10 பார் குறைந்த அழுத்தம்தானே என்ற எண்ணம் இங்கே ஏமாற்றிவிடும். ஆவி திரவமாகப் போகும் விளிம்பில் இருக்கிறது. மூலக்கூறுகளின் ஈர்ப்பை ஒதுக்கிவிட முடியாது.

சரி, அந்த ஈர்ப்பையும் கணக்கில் சேர்க்கும், 1949இல் வந்த ரெட்லிக்–குவாங் சமன்பாட்டுக்குப் போவோம். அது முப்படிச் சமன்பாடு என்பதால் மூன்று மூலங்கள் (தீர்வுகள்) கிடைக்கும்: 2078, 314, 101. பெரியது ஆவிக்கு, சிறியது திரவத்துக்கு. நடுவில் உள்ளதற்குப் பௌதிகப் பொருளே கிடையாது. அதைச் சராசரி போல எடுத்து எழுதுவது பெரும் பிழை. இலட்சிய வாயு மதிப்பிலிருந்து நியூட்டன் முறையை (ஊகித்த மதிப்பைப் படிப்படியாகத் திருத்தும் வழி) தொடங்கினால் விடை ஆவியில்தான் போய் நிற்கும். திரவம் வேண்டுமென்றால் சமன்பாட்டின் 'பி' மாறிலிக்கு (மூலக்கூறுகளே பிடிக்கும் இடத்தைக் குறிப்பது, இங்கே சுமார் 63) அருகிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்று: அழுத்தத்தை 8 பாராகக் குறைத்தாலும் மூன்று மூலங்கள் வரும். ஆனால் அங்கே நிலைத்திருப்பது ஆவி மட்டுமே. அதனால் முதலில் அழுத்தத்தை அந்த வெப்பநிலையின் ஆவி அழுத்தத்தோடு (ஆவியும் திரவமும் சமநிலையில் இருக்கும் அழுத்தம்) ஒப்பிட வேண்டும். கேஜ் (அழுத்தமானி) காட்டும் அழுத்தத்தோடு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டிய பிறகே ஒப்பிட வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அந்தத் திரவ மூலம் 101ஐ அப்படியே நம்பிவிடாதீர்கள். உண்மை மதிப்பு சுமார் 90. பிழை 12 சதவீதம். ஆவிக்கு 2 சதவீதத்துக்குள் வந்த அதே சமன்பாடுதான் இது! திரவத்துக்கு ராக்கெட் (Rackett) என்பவரின் சமன்பாடு (1970) எளிது, துல்லியமும்கூட. புரொப்பேனின் மாறுநிலை (ஆவிக்கும் திரவத்துக்கும் வேறுபாடு மறையும் நிலை) வெப்பநிலை 369.8 கெல்வின், மாறுநிலைக் கன அளவு 200, அந்நிலையின் அமுக்கக் காரணி (உண்மைக் கன அளவுக்கும் இலட்சிய வாயு மதிப்புக்கும் உள்ள விகிதம்) 0.276. இம்மூன்றையும் போட்டாலே 90 வந்துவிடுகிறது. ஆனால் அது நிறைவுற்ற திரவத்துக்கானது. அழுத்தம் மிக உயர்ந்தாலோ, வெப்பநிலை மாறுநிலையை நெருங்கினாலோ திரவமும் கணிசமாக அமுங்கும்; அங்கே தனித் திருத்தம் சேர்க்க வேண்டும்.