ஒன்ராறியோவில் குற்றச்சாட்டுக்கு உள்ளானால்: முதல் மணிநேரங்களும் சட்டத்தரணியைத் தேடுவதும்

கனடாவுக்கு வந்து சில மாதங்களே ஆன ஒருவர் மீது பொலிஸார் குற்றச்சாட்டுப் பதியும்போது, அவருக்கும் குடும்பத்தாருக்கும் முதலில் தோன்றுவது ஊரில் பழகிய வழிதான்: பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போய், நடந்ததைப் பணிவாக விளக்கி, மன்னிப்புக் கேட்டு, சமாதானமாக எழுதிக்கொடுத்துவிட்டு வீடு திரும்பலாம் என்பது. ஒன்ராறியோவில் அந்த வழி இல்லை. இல்லை என்பதோடு, அப்படிப் பணிவாகச் சொன்ன விளக்கமே பின்னர் வழக்கில் அவருக்கு எதிரான மிகப் பலமான சாட்சியமாகிவிடுவதும் உண்டு. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிராம்ப்டன் பகுதிகளில் புதிதாகக் குடியேறுவோரை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. பொதுவான விளக்கமே தவிர, எவருடைய வழக்குக்குமான சட்ட ஆலோசனை அன்று.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் ஒன்றைத் தெளிவாக அறிய வேண்டும். இந்தியச் சட்டத்தில் பொலிஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது. கனடாவில், அச்சுறுத்தலோ ஆசைவார்த்தையோ இன்றித் தாமாக விரும்பிச் சொன்னது என்று நிரூபிக்கப்பட்டால் அதே வாக்குமூலம் நீதிமன்றத்தில் ஏற்கப்படும். இலங்கையிலிருந்து வருபவர்களுக்கோ வேறொரு சுமை இருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் காலத்தில் வளர்ந்தவர்கள், கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் என்ன நேருமோ என்ற அச்சத்தில், கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டு பழக்கங்களும் இங்கு கேடுதான் விளைவிக்கின்றன.

கைது செய்யப்பட்டவருக்குக் கனடிய உரிமைகள் சாசனத்தின் 10ஆம் பிரிவு, கைதுக்கான காரணத்தை அறியவும், தாமதமின்றிச் சட்டத்தரணி ஒருவருடன் தனிமையில் பேசவும் உரிமை தருகிறது. பெயர், முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றைச் சரியாகச் சொல்லிவிட்டு, சட்டத்தரணியுடன் பேச வேண்டும் என்றும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்டால் போதும். தெரிந்த சட்டத்தரணி எவரும் இல்லையென்றால், 24 மணிநேரமும் இயங்கும் இலவசத் தொலைபேசிச் சேவை வழியாகக் கடமைச் சட்டத்தரணி (அப்போது பணியிலிருந்து இலவசமாக ஆலோசனை தரும் சட்டத்தரணி) ஒருவருடன் பொலிஸாரே இணைத்துவிடுவார்கள். அந்த உரையாடல் சில நிமிடங்களே நீடித்தாலும், அதில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: நடந்ததைப் பற்றி எதுவும் பேசாதீர்கள். அதன் பிறகும் விசாரணை அதிகாரி அன்பாகவோ கண்டிப்பாகவோ கேள்விகளைத் தொடரலாம். பேச விருப்பமில்லை என்று ஒருமுறை சொன்னதால் கேள்வி நின்றுவிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்திருக்கிறது. விசாரணை அறையில் சட்டத்தரணி அருகில் அமர்ந்திருக்கும் உரிமையும் இங்கு இல்லை என்பதை 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று உறுதிசெய்தது. ஆகவே மௌனத்தை நீங்களேதான் காத்துக்கொள்ள வேண்டும். மௌனம் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. ஆனால் மது அருந்தி வாகனம் ஓட்டியதாகச் சந்தேகிக்கப்படும் இடத்தில், சட்டப்படி கேட்கப்படும் மூச்சுப் பரிசோதனையை மறுப்பது மட்டும் தனிக் குற்றமாகும். மௌன உரிமையை அதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

பலர் நிலையத்திலிருந்தே விடுவிக்கப்படுகிறார்கள். அப்போது கையெழுத்திடும் உறுதிப்பத்திரத்தில் நீதிமன்றத் தேதியும், கைரேகை பதிய வேண்டிய தேதியும், நிபந்தனைகளும் இருக்கும். இரண்டு தேதிகளில் எதைத் தவறவிட்டாலும் பிடியாணை பிறப்பிக்கப்படலாம். தடுத்து வைக்கப்பட்டவரை, நீதவான் கிடைக்கக்கூடிய நிலையில், 24 மணிநேரத்துக்குள் அவர்முன் நிறுத்த வேண்டும். பிணை என்றதும் கட்டுக்கட்டாகப் பணம் திரட்டக் கிளம்ப வேண்டாம். பெரும்பாலும் தேவைப்படுவது பிணையாளி ஒருவர்தான். அவர் ஒரு தொகைக்குப் பொறுப்பேற்று, குற்றம் சாட்டப்பட்டவர் நிபந்தனைகளை மீறாமல் பார்த்துக்கொள்வதாக நீதிமன்றத்தில் உறுதியளிக்கிறார். மீறினால் அந்தத் தொகையை அவர் இழக்க நேரிடும். எனவே ஊர்ப் பழக்கத்துக்காக முகத்தாட்சண்யத்தில் ஒப்புக்கொள்ளும் காரியமில்லை இது. இழப்பை ஈடுசெய்வதாகக் கூறிப் பிணையாளிக்குப் பணம் கொடுப்பது குற்றமாகும்.

நம்மவர் குடும்பங்கள் மிகுதியாகத் தடுமாறுவது வீட்டுச் சண்டைகளில்தான். கணவன் மனைவிக்கிடையே கைகலப்பு என்று 911க்கு அழைப்புப் போனால், நியாயமான ஆதாரம் இருக்கும்போது ஒன்ராறியோ பொலிஸார் குற்றச்சாட்டுப் பதிந்தே ஆக வேண்டும். மறுநாள் மனைவி சென்று, "நான் முறைப்பாட்டைத் திரும்பப் பெறுகிறேன்" என்று சொன்னாலும் வழக்கு நிற்காது. நடத்துவதா கைவிடுவதா என்பதை முடிவுசெய்பவர் அரச வழக்குத்தொடுநர். கணவருக்கு அநேகமாக வீட்டுக்குத் திரும்பக் கூடாது, நேரடியாகவோ பிறர் மூலமாகவோ மனைவியைத் தொடர்புகொள்ளக் கூடாது என்ற நிபந்தனை விதிக்கப்படும். மனைவியே வாட்ஸ்அப்பில் அழைத்து, பிள்ளைகள் தேடுகிறார்கள், வாருங்கள் என்று சொன்னாலும், அந்த அழைப்புக்குப் பதிலளிப்பது நிபந்தனை மீறல்தான். அதற்குத் தனிக் குற்றச்சாட்டு வரும். மாமாவோ கோயில் நிர்வாகியோ நடுவே தூது செல்வதும் இதில் அடங்கும். நிபந்தனையை மாற்றச் சட்டத்தரணி மூலம் விண்ணப்பிப்பதே வழி. இந்தக் கொள்கை பல பெண்களின் உயிரைக் காக்கக்கூடியது என்பதே என் கருத்து. அதன் விதிகள் தெரியாமல் வீட்டுக்குத் திரும்பிப் போய் மீண்டும் கைதாவது தவிர்க்கக்கூடியது.

இனி, சட்டத்தரணியைத் தேடுவது. குற்றவியல் வழக்குகளையே முதன்மையாக நடத்துபவர் வேண்டும். வீடு வாங்கும்போது பத்திரம் முடித்துத் தந்தவரோ, அகதிக் கோரிக்கையை நடத்தியவரோ நல்லவராக இருக்கலாம். ஆனால் அவருடைய அன்றாட வேலை வேறு. ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் இணையப் பட்டியலில் பெயரைத் தேடினால், உரிமம் நடப்பில் உள்ளதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று பார்க்கலாம். அதே சங்கத்தின் பரிந்துரைச் சேவை, 30 நிமிடம் வரை கட்டணமின்றிப் பேசக்கூடிய ஒருவரை அறிமுகப்படுத்தும். பராலீகல்கள் (சட்டத்தரணி அல்லாத, உரிமம் பெற்ற சட்டப் பணியாளர்கள்) சில சிறிய குற்றச்சாட்டுகளில் மட்டுமே முன்னிலையாக முடியும். நீதிமன்றம் எங்கே என்பதையும் கவனியுங்கள்: ஸ்காபரோ வழக்குகள் 2023 முதல் ரொறன்ரோ நகர மையத்திலுள்ள புதிய நீதிமன்றத்துக்குச் சென்றுவிட்டன, மார்க்கம் வழக்குகள் நியூமார்க்கெட்டிலும், ஏஜக்ஸ் வழக்குகள் ஒஷாவாவிலும் நடக்கின்றன. அந்தந்த நீதிமன்றத்துக்கு அடிக்கடி சென்று வருபவருக்கு அங்குள்ள வழக்குத்தொடுநர்களின் போக்கு தெரிந்திருக்கும்.

தமிழ் பேசும் சட்டத்தரணி கிடைத்தால் பேச்சு எளிதாகும் என்பது உண்மை. ஆனால் எதிர்த்தரப்புக் குடும்பத்தின் சட்டத்தரணியும் அவரேயா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். நம் சமூகம் சிறியது. நீங்கள் சட்ட ஆலோசனைக்காக அவரிடம் சொல்வது இரகசியமாகவே இருக்கும். உறவினரை மொழிபெயர்க்க அமர்த்தினால் அவர் பின்னாளில் சாட்சியாக அழைக்கப்படும் சிக்கல் எழலாம். வெட்கத்தில் உங்கள் வாயிலிருந்து உண்மையும் வராது.

கட்டணத்தை எழுத்தில் பெறுங்கள்: அது பிணை விசாரணைக்கு மட்டுமா, வழக்கு விசாரணை முடியும் வரையா என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். வென்றால் மட்டும் கட்டணம் என்ற ஏற்பாட்டை ஒன்ராறியோ சட்டம் குற்றவியல் வழக்குகளில் தடைசெய்கிறது. முடிவுக்கு உத்தரவாதம் தருகிறவரிடமிருந்தும் விலகியிருங்கள். பணம் இல்லாதவர் ஒன்ராறியோ சட்ட உதவி நிறுவனத்திடம் விண்ணப்பிக்கலாம். வருமானத்தோடு, சிறைத் தண்டனைக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதையும் அவர்கள் பார்ப்பார்கள். அது மறுக்கப்பட்டாலும், நீதிமன்றத்திலுள்ள கடமைச் சட்டத்தரணி அன்றைய தேவைக்கு உதவக்கூடும்.

முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டிய கேள்வி குடிவரவு பற்றியது. குடியுரிமை இல்லாதவருக்கு நீதிமன்றத் தண்டனையை விட அதன் பின்விளைவே பெரிதாகலாம். அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ உள்ள குற்றத்தில் தீர்ப்பானால், உண்மையில் விதிக்கப்பட்டது வெறும் அபராதமாக இருந்தாலும், நிரந்தர வதிவிடக்காரர் அந்தத் தகுதியை இழந்து நாடு கடத்தப்படும் அபாயம் உண்டு. மது அருந்தி வாகனம் ஓட்டுவது 2018 டிசம்பரிலிருந்து இந்த வகையில் அடங்குகிறது. சண்டையில் கையிலிருந்த கைபேசியை எறிந்ததும் ஆயுதத்தால் தாக்கியதாகப் பதியப்பட்டு இதே வகைக்குள் வந்துவிடலாம். மாணவர் விசாவிலோ வேலை அனுமதியிலோ இருப்பவருக்கு வாசல் இன்னும் குறுகலானது: கடையில் சிறு பொருள் திருடியதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டாலே சிக்கல் வரலாம். நீதிபதி குற்றத்தீர்ப்பின்றி விடுவிக்கும் நிபந்தனை விடுவிப்பும் உண்டு. சட்டத்தில் அது குற்றத்தீர்ப்பாகக் கருதப்படுவதில்லை. குற்றவியல் சட்டத்தரணி குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் எழுத்தில் கருத்துப் பெறும் வரை எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

"அபராதத்தோடு இன்றே முடித்துவிடலாம்" என்ற பேச்சு முதல் தேதியிலேயே காதில் விழக்கூடும். முதல் தேதி வழக்கு விசாரணை அன்று. அரச தரப்பின் ஆதாரங்களின் பிரதி வரும்வரை காத்திருக்கலாம். அதைப் படிக்காமல் முடிவெடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு வீதியைக் கடப்பது போன்றது. குற்றவியல் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. தேதிக்கு முன்னரே கேட்டுவையுங்கள். அவர் சொல்வது புரியாவிட்டாலோ, அவரது தமிழ் உங்கள் தமிழோடு ஒத்துவராவிட்டாலோ, தலையசைக்காமல், அப்போதே நீதிபதியிடம் சொல்லுங்கள்.